ஏலத்தில் கிடைக்குமா ஓர் அணி?

மேலை நாட்டார் இலையுதிர் காலம் என்று சொல்லும் பருவம் நம் மண்ணில் இல்லை. ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த நம் முன்னோர், ஆவணி, புரட்டாசி மாதங்களைக் கார் காலம் என்றும், ஐப்பசி, கார்த்திகை மாதங்களைக் கூதிர்க் காலம் என்றும் வழங்கினர். இந்த நான்கு மாதங்களிலும் புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர்களில் வயல் வேலை மிகுதி, விளையாட்டு குறைவு. கோடையில் மின்விளக்குகள் கட்டி, ஒலிபெருக்கி அலற, 'மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி' நடந்த அதே செம்மண் திடலில் இப்போது மழைநீர் தேங்கி நிற்கும்.

திடலில் ஆட்டம் ஓயும் இந்தப் பருவத்தில்தான் பெரும்பாலான ஆண்டுகளில் தொலைக்காட்சியில் ஆட்டம் சூடு பிடிக்கிறது. புரோ கபடி லீக் என்னும் தொழில்முறைக் கபடிப் போட்டியின் பன்னிரண்டாம் தொடர் 2025 ஆகஸ்டு 29ஆம் நாள் விசாகப்பட்டினத்தில் தொடங்கி, அக்டோபர் 31ஆம் நாள் டெல்லியில் நிறைவுற்றது. ஆவணியில் தொடங்கி ஐப்பசியில் முடிந்த அத்தொடரின் இறுதியாட்டத்தில் தபங் டெல்லி அணி 31-28 என்ற புள்ளிக் கணக்கில் புனேரி பல்தான் அணியை வென்று கோப்பையைப் பெற்றது. நம் மாநிலத்தின் பெயரைத் தாங்கிய தமிழ் தலைவாஸ் அணியோ முதல் எட்டு இடங்களுக்குள் வர இயலாமல் லீக் சுற்றோடு வெளியேறியது.

"ஹஜ்ரத், கபடி நம்ம ஊர் ஆட்டம். அதுல நாமே தோத்துக்கிட்டு இருக்கோமே, ஏன்?" என்று மாணவர்கள் ஆண்டுதோறும் என்னிடம் கேட்கின்றனர். தெருமுனைத் தேநீர்க் கடையிலும் இதே கேள்விதான். வீரர்களுக்குச் சுறுசுறுப்பு இல்லை என்பார் ஒருவர். நடுவர் சரியில்லை என்பார் மற்றொருவர். நமக்கு ராசியில்லை என்று முடித்துவிடுவார் மூன்றாமவர். இந்த அணி களமிறங்கிய நாள் முதல் அதன் ஆட்டங்களைத் தொடர்ந்து கவனித்து வரும் ரசிகன் என்ற முறையில், என் கருத்தை வாசகர் முன் வைக்க விரும்புகிறேன். ராசியும் நடுவரும் இதில் பொருட்டல்ல. ஆண்டுதோறும் ஏலத்தில் ஓர் அணியை வாங்கிவிடலாம் என்று நம்புவதே நம் தோல்விக்குக் காரணம்.

சடுகுடு முதல் புரோ கபடி வரை

இதழை வாசிக்கும் தாய்மார்களில் பலர் ஆட்டத்தின் நுட்பத்தைக் கவனித்திருக்க வாய்ப்பில்லை. ஆகவே சில சொற்கள். அணிக்கு எழுவர். ஓர் அணியின் வீரர் 'கபடி, கபடி' என்று மூச்சு விடாமல் பாடிக்கொண்டு எதிரணியின் எல்லைக்குள் சென்று, எவரையேனும் தொட்டுவிட்டுத் தம் எல்லைக்குத் திரும்ப வேண்டும். இவரை 'ரைடர்' என்கின்றனர். எதிரணியினர் அவரைத் திரும்ப விடாமல் பிடிக்க வேண்டும். ஒரு முறை பாடிச் செல்ல 30 விநாடிகளே உண்டு. இருபது நிமிடங்கள் வீதம் இரு பகுதிகள்; மொத்தம் 40 நிமிடங்கள். ஓர் அணி தொடர்ந்து இரு முறை புள்ளியின்றித் திரும்பினால், மூன்றாம் முறை செல்பவர் புள்ளி எடுத்தே தீர வேண்டும். இல்லையேல் அவர் ஆட்டமிழப்பார். களத்தில் மூவரோ அதனினும் குறைந்தவர்களோ நின்று எதிராளியைப் பிடித்துவிட்டால் ஒரு புள்ளி கூடுதல். குறைந்த பேர் நிற்கும் பக்கத்திற்கு விதியே கைகொடுக்கும் அழகு இவ்வாட்டத்தில் உண்டு.

சடுகுடு என்றும் கபடி என்றும் வழங்கும் இவ்விளையாட்டே தமிழ்நாட்டின் மாநில விளையாட்டாகும். 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இது முதன்முறையாகப் பதக்க விளையாட்டாக இடம்பெற்றது. இந்தியா தங்கம் வென்றது. 1994இல் ஹிரோஷிமாவில் தங்கம் வென்ற அணியில் தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன் இருந்தார். அவருக்கும், அவருக்கு முன் எஸ்.ராஜரத்தினத்திற்கும் அர்ஜுனா விருது கிடைத்தது. இவர்கள் எல்லாம் மண் தரையில், வெறுங்காலில் ஆடி வளர்ந்தவர்கள்.

2014 ஜூலையில் புரோ கபடி லீக் எட்டு அணிகளுடன் தொடங்கியது. மண் தரைக்குப் பதில் ரப்பர் விரிப்பு. வெறுங்காலுக்குப் பதில் காலணி. வேப்பமரத்து நிழலுக்குப் பதில் வண்ண விளக்குகள். ஊர்த் திடலில் ஒதுங்கிக் கிடந்த விளையாட்டு, மாலை நேரத்தில் நாடெங்கும் உள்ள வீடுகளின் நடுக்கூடத்திற்கு வந்து சேர்ந்தது. இதை நான் நன்மை என்றே கருதுகிறேன். கிரிக்கெட் மட்டையை வாங்க இயலாத வீட்டுப் பிள்ளையும் ஆடக்கூடிய ஆட்டம் ஒன்று மதிப்புப் பெற்றது சிறிய செய்தியன்று.

எட்டுத் தொடர்களின் கணக்கு

2017இல் அணிகளின் எண்ணிக்கை பன்னிரண்டாக உயர்ந்தபோது தமிழ் தலைவாஸ் பிறந்தது. உரிமையாளர்களுள் ஒருவராக சச்சின் டெண்டுல்கர் இருந்தார். விளம்பரத் தூதராக நடிகர் கமல்ஹாசன் அமைந்தார். அணித்தலைவர் இமாச்சலப் பிரதேசத்தைச் சேர்ந்த அஜய் தாக்கூர். முதல் ஆட்டத்திலேயே தெலுங்கு டைட்டன்ஸ் அணியிடம் 27-32 என்று தோல்வி. அஜய் தாக்கூர் ஒருவரே அத்தொடரில் 200க்கும் மேற்பட்ட புள்ளிகளை ஈட்டியும், அணி தன் பிரிவில் கடைசி இடத்தையே பெற்றது. அவ்வாண்டின் இறுதியாட்டம் அக்டோபர் 28ஆம் நாள் சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் நடந்தது. நம் தலைநகரில் பாட்னாவும் குஜராத்தும் மோத, நாம் பார்வையாளர்களாக அமர்ந்திருந்தோம்.

2018 அக்டோபரில் சென்னையில் தொடங்கிய ஆறாம் தொடரின் முதல் ஆட்டத்தில், நடப்புச் சாம்பியன் பாட்னாவை 42-26 என்று நம் அணி வீழ்த்தியது. இனி நம் காலம் என்று எல்லோரும் மகிழ்ந்தோம். முடிவில் மீண்டும் பிரிவின் கடைசி இடம். 2019இல் ராகுல் சௌத்ரி என்னும் பெரும் ரைடர் 94 லட்சம் ரூபாய்க்கு வாங்கப்பட்டார். அஜய் தாக்கூர், மஞ்சித் சில்லர், ராகுல் சௌத்ரி என்று புகழ்பெற்ற மூவர் ஒரே அணியில் நின்றனர். அத்தொடரில் பன்னிரண்டு அணிகளுள் நாம் பன்னிரண்டாம் இடம். கொரோனாத் தொற்றின் காரணமாக அனைத்து ஆட்டங்களும் பெங்களூரிலேயே நடந்த 2021-22 தொடரில் பதினோராம் இடம்.

2023-24இல் ஒன்பதாம் இடம். 2024இல் அவ்வாண்டு ஏலத்தின் மிக உயர்ந்த விலையாகிய 2 கோடியே 15 லட்சம் ரூபாய் கொடுத்து சச்சின் தன்வரை வாங்கினோம். மீண்டும் ஒன்பதாம் இடம். 2025இல் அர்ஜுன் தேஷ்வாலை 1 கோடியே 40 லட்சத்து 50 ஆயிரத்திற்கும், பவன் ஷெராவத்தை 59 லட்சத்து 50 ஆயிரத்திற்கும் வாங்கினோம். தெலுங்கு டைட்டன்ஸ் அணியை 38-35 என்று வென்று தொடரைத் தொடங்கினோம். ஆனால் அணித்தலைவரான பவன் பாதியிலேயே அணியிலிருந்து நீங்கினார். ஒழுங்குக் காரணம் என்று அணி நிர்வாகம் அறிவித்தது. அவர் அதை மறுத்தார். இதில் தீர்ப்புச் சொல்வது ரசிகனின் வேலையன்று. தலைவன் ஒருவன் நடுவழியில் நீங்கினால் அணி தடுமாறும் என்பது மட்டும் எல்லோரும் கண்கூடாகக் கண்டது.

ஏழு தொடர்களைச் சொல்லிவிட்டேன். இடையில் ஒன்றை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். அதைத் தனியே சொல்ல வேண்டும்.

விழுந்தவரும் எழுந்தவர்களும்

2022ஆம் ஆண்டு ஏலத்தில் பவன் ஷெராவத்தை 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்குத் தமிழ் தலைவாஸ் வாங்கியது. புரோ கபடி வரலாற்றில் அதுவரை எவருக்கும் அவ்வளவு விலை கொடுக்கப்பட்டதில்லை. ஓர் அணி முழுவதையும் அமைக்க அன்று அனுமதிக்கப்பட்ட தொகை 4 கோடியே 40 லட்சம்தான். அதில் பாதிக்கும் மேல் ஒரே மனிதருக்கு! அக்டோபரில் தொடர் தொடங்கியது. குஜராத் அணியுடனான முதல் ஆட்டத்திலேயே பவனுக்கு முழங்காலில் காயம். களத்திலிருந்து அவரைத் தூக்கிச் சென்றனர். அத்தொடர் முழுவதும் அவர் ஆடவில்லை.

அன்றிரவு இத்தொடர் நமக்கு முடிந்தது என்றுதான் ரசிகர்கள் பேசிக்கொண்டனர். நடந்தது வேறு. தொடரின் இடையில் அஷன் குமார் பயிற்சியாளர் பொறுப்பை ஏற்றார். நரேந்தர் என்னும் அரியானா இளைஞர், அதுவரை லீக்கில் ஒருமுறைகூட ஆடியிராதவர், ரைடர் பொறுப்பை ஏற்றுத் தொடர் முடிவதற்குள் 243 புள்ளிகளைக் குவித்தார். மராட்டியத்தின் அஜிங்கிய பவார் துணைநின்றார். பின்களத்தில் சாகர், சாஹில், மோஹித் ஆகியோருடன் நம் தமிழ்நாட்டின் அபிஷேக் அரண் அமைத்தார். பெரும் புகழ் பெற்றவர் என்று இவர்களுள் எவருமில்லை. ஆனால் ஒருவர் கணுக்காலைப் பற்றினால் அடுத்த கணம் மற்றவர் இடுப்பைப் பற்றினர். எவர் எப்போது வருவார் என்பதை ஒருவருக்கொருவர் அறிந்திருந்தனர்.

ஐந்தாம் இடம் பெற்று, முதன்முறையாக அடுத்த சுற்றை எட்டினோம். உத்தரப் பிரதேச அணியுடன் 36-36 என்று சமநிலை. பின்னர் சமன் முறிப்பு ஆட்டத்தில் 6-4 என்று வெற்றி. அரையிறுதியில் புனேரி பல்தானிடம் 37-39 என்று இரண்டே புள்ளிகளில் தோற்றோம். அது தோல்விதான், ஆயினும் தலை நிமிர்ந்து வீடு திரும்பிய தோல்வி.

வாசகர் சிந்திக்க வேண்டிய இடம் இதுவே. எட்டுத் தொடர்களில் நாம் அடுத்த சுற்றுக்குச் சென்றது ஒரே ஒரு முறை. அதுவும் மிக விலையுயர்ந்த வீரர் முதல் நாளே களத்தை விட்டு நீங்கிய தொடரில்! பவன் மிகச் சிறந்த வீரர்; 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஈரானை 33-29 என்று வென்று தங்கம் பெற்ற இந்திய அணியின் தலைவர் அவரே. குறை அவரிடம் இல்லை. ஒருவரை நம்பி ஓர் அணியைக் கட்டிய கணக்கில்தான் குறை. அவர் இல்லாதபோது ஏனைய அறுவரும் தம்மை நம்பத் தொடங்கினர்.

விலை சொல்லும் பாடம்

ஏலத்தின் விலையை வீரரின் தகுதி என்று நம் இளைஞர்கள் எண்ணிக்கொள்கின்றனர். அதே பவன் 2022இல் 2 கோடியே 26 லட்சம். 2023இல் தெலுங்கு டைட்டன்ஸ் அணிக்கு 2 கோடியே 60 லட்சத்து 50 ஆயிரம். 2025இல் மீண்டும் நமக்கு 59 லட்சத்து 50 ஆயிரம். மூன்றாண்டுகளில் ஒரு மனிதரின் திறன் இப்படியா ஏறி இறங்கும்? அன்றைய சந்தையில் எத்தனை பேருக்கு அவர் தேவைப்பட்டார் என்பதையே விலை காட்டுகிறது. சந்தைக்குப் போகும் காய்கறிக்கும் இதே கதிதான்.

இதற்கு மாறான வழியைப் புனே அணி காட்டியது. அஸ்லம் இனாம்தார், மோஹித் கோயத், ஆகாஷ் ஷிண்டே முதலிய இளைஞர்களை அது பெரிய விலை இன்றிச் சேர்த்தது; தோற்றபோதும் அவர்களைக் கைவிடவில்லை. 2022இல் இறுதியாட்டத்தில் தோல்வி. 2024 மார்ச் 1ஆம் நாள் அரியானா ஸ்டீலர்ஸ் அணியை 28-25 என்று வென்று கோப்பை. 2025இல் மீண்டும் இறுதியாட்டம். 2024இல் கோப்பையைக் கையில் ஏந்திய அணித்தலைவர், மராட்டியத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்த அஸ்லம் இனாம்தார். 2025இல் அவ்வணியின் தலைமைப் பயிற்சியாளர் யார் தெரியுமா? நம் அணியின் முதல் தலைவராக இருந்த அதே அஜய் தாக்கூர்!

பாட்னா அணி 2016இல் இருமுறையும் 2017இல் ஒருமுறையுமாகத் தொடர்ந்து மூன்று கோப்பைகளை வென்றது. அதன் பெரும் வீரரான பர்தீப் நர்வால் பீகாரைச் சேர்ந்தவரல்லர், அரியானாக்காரர். ஆனால் அவர் ஐந்து தொடர்கள் அவ்வணியிலேயே ஆடினார். ஆகவே தமிழர் மட்டுமே ஆட வேண்டும் என்பது என் வாதமன்று. நம் நிறத்தை உடுத்தி வியர்வை சிந்திய நரேந்தரும் நம்மவரே. எங்கிருந்து வந்தாலும் வந்தவரை வளர்த்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் கருத்து.

ஊராருக்கு வென்று தந்தவர்கள்

எனினும் ஒன்றை நினைக்கும்போது மனம் வருந்துகிறது. 2014இல் முதல் கோப்பையை வென்ற ஜெய்ப்பூர் அணியின் பயிற்சியாளர் தமிழரான காசிநாதன் பாஸ்கரன். 2016இல் பாட்னாவுக்குக் கோப்பை பெற்றுத் தந்த அணித்தலைவர்களுள் ஒருவர், நம் அண்டை மாவட்டமாகிய தஞ்சையைச் சேர்ந்த தர்மராஜ் சேரலாதன். அப்போது அவருக்கு நாற்பது வயது கடந்திருந்தது. அதே ஆண்டு அகமதாபாத்தில் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். 2017இல் நம் அணியில் ஆடிய கே.பிரபஞ்சன் பின்னர் வெளியே விடப்பட்டு, 2019இல் கோப்பை வென்ற பெங்கால் வாரியர்ஸ் அணியில் இடம்பெற்றார். அதன் பிறகு 2021இல் அவரையே நாம் மீண்டும் ஏலத்தில் வாங்கினோம். வீட்டுக் கொல்லையில் விளைந்த மாங்காயை விற்றுவிட்டு, சந்தையில் அதையே விலை கொடுத்து வாங்கிய கதை இது.

விளைச்சல் இல்லாமல் இல்லை. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியா ஆண், பெண் இருபாலர் கபடியிலும் தங்கம் வென்றது. ஆண்கள் அணியில் திருவாரூர் மாவட்டம் வடுவூரின் அபினேஷ் மோகன்தாஸ். பெண்கள் அணியில் சென்னை கண்ணகி நகரின் கார்த்திகா. இருவருக்கும் தமிழக அரசு தலா 25 லட்சம் ரூபாய் வழங்கிப் பாராட்டியது. தலைவாஸ் தோற்றுக்கொண்டிருந்த அதே மாதத்தில்தான் நம் ஊர்ப் பிள்ளைகள் ஆசியாவை வென்று வந்தனர்.

ஈரானையும் எண்ணிப் பார்க்கலாம். கபடி அவர்களுக்குப் பாட்டன் சொத்தன்று, நம்மிடமிருந்து கற்றது. 1990 முதல் ஆசியப் போட்டிகளில் தங்கத்தை எவருக்கும் விட்டுக்கொடுக்காத இந்திய ஆண்கள் அணியை, 2018இல் ஜகார்த்தாவில் அரையிறுதியில் 27-18 என்று ஈரான் வீழ்த்தித் தங்கத்தையும் வென்றது. ஃபாசல் அத்ராசலி, முகமதுரேசா ஷாத்லூயி ஆகிய ஈரானியர் இன்று லீக்கின் பெருவிலை வீரர்கள். ஈரான் எவரையும் ஏலத்தில் எடுக்கவில்லை. சிறு வயதில் தேர்ந்தெடுத்து, ஆண்டுக்கணக்கில் பயிற்றுவித்தது.

தென்னை தரும் விடை

2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலை கஜா புயல் கரை கடந்ததை நம் மாவட்டத்தார் மறக்க மாட்டார்கள். ஆறாம் தொடர் நடந்துகொண்டிருந்த காலம் அது. பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை; கபடி பார்க்க எவருக்கும் மனமும் இல்லை. ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பகுதிகளில் ஒரே இரவில் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. அழுதவர்கள் எழுந்து என்ன செய்தனர்? காய்த்துக் குலுங்கும் தென்னையைச் சந்தையிலிருந்து வாங்கிவந்து எவரும் நடவில்லை. கன்றுகளை நட்டனர், தண்ணீர் வார்த்தனர், பாளை விடும் வரை ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். மதரஸாவிலும் ஓர் ஆலிமை உருவாக்க ஏழாண்டுப் பாடம் வேண்டும். முதலாண்டு மாணவனின் தடுமாற்றத்தைக் கண்டு அடுத்த ஆண்டு வேறு மாணவனைத் தேடும் ஆசிரியர் எவருமில்லை. விளையாட்டு அணிக்கும் இந்த நீதியே பொருந்தும்.

ஆகவே அணியின் உரிமையாளர்களிடம் ரசிகன் என்ற உரிமையில் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, நான்கைந்து இளைஞர்களைத் தேர்ந்து, வென்றாலும் தோற்றாலும் மூன்றாண்டுகள் அவர்களை மாற்றாதீர்கள். பயிற்சியாளரையும் தொடருக்கு ஒருவராக மாற்றாதீர்கள்.

இரண்டாவது, ஊர்த் திடல்களுக்கு வாருங்கள். தை முதல் ஆடி வரை நம் மாவட்டத்தில் எத்தனையோ மின்னொளிப் போட்டிகள் நடக்கின்றன. 'புதிய இளம் வீரர்' என்ற பிரிவில் ஏலமின்றியே இளைஞரை ஒப்பந்தம் செய்ய லீக் விதிகள் இடம் தருகின்றன. ஒரு நட்சத்திரத்திற்குக் கொடுக்கும் தொகையில் சிறு பகுதி போதும். பத்து மாவட்டங்களில் ரப்பர் விரிப்பும் பயிற்சியாளரும் அமைந்துவிடும். மண்ணில் வெறுங்காலோடு ஆடிப் பழகியவன் விரிப்பில் காலணியோடு ஆடும்போது கால் திரும்பும் விதமே வேறு. 60 கிலோ, 65 கிலோ எடைப் பிரிவுகளில் ஆடுபவன் தன்னினும் எடை மிகுந்த தொழில்முறை வீரரைப் பிடிக்க, உணவும் உடற்பயிற்சியும் வேண்டும். திறமை இல்லாமையால் நம் பிள்ளைகள் பின்தங்கவில்லை. விரிப்பையும் முறையான உணவையும் காணாமலே அவர்களின் ஆடும் வயது கடந்து விடுகிறது.

மூன்றாவது, ஆட்டங்களைத் தெற்கேயும் கொண்டு வாருங்கள். நம் சிறந்த தொடரான 2022இல் தமிழ்நாட்டில் ஓர் ஆட்டம்கூட நடைபெறவில்லை, 2024இலும் இல்லை. நடந்த ஆண்டுகளிலும் சென்னையில் மட்டுமே. புதுக்கோட்டையிலிருந்து சென்னை ஏறத்தாழ 400 கிலோமீட்டர். ஒரு நாள் கூலியை இழந்து, இரு வழிப் பேருந்துக் கட்டணமும் கொடுத்து ஒரு கபடி ரசிகன் அங்கே போவது எளிதா? திருச்சியிலோ மதுரையிலோ ஒரு வாரம் ஆட்டம் நடக்கட்டும். அரங்கம் நிறையாவிட்டால் பிறகு பேசலாம்.

இல்லத்தில் செய்ய வேண்டியவை

உரிமையாளர்கள் செவி சாய்க்கும் வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. பிள்ளை திடலுக்குப் போகிறான் என்றதும் உருப்படாமல் போகிறான் என்று முடிவு கட்டும் பெற்றோர் இன்னும் உள்ளனர். 2017இல் புவனேசுவரத்தில் நடந்த ஆசிய தடகளப் போட்டியில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் ஆகிய இரண்டிலும் தங்கம் வென்ற கோ.லட்சுமணன் நம் புதுக்கோட்டைப் பிள்ளை என்பதை அவர்கள் அறிய வேண்டும். காவல்துறை, ரயில்வே, வங்கி முதலியவற்றில் கபடி வீரர்களுக்கு வேலை உண்டு. அதற்குப் பள்ளிச் சான்றிதழும் வேண்டும் என்பதைப் பிள்ளைகள் அறிய வேண்டும். கபடி வீரனின் முழங்கால் நிலையற்றது. ஒரு பிடியில் ஓராண்டு போய்விடும். கோடிக்கு விலைபோன வீரருக்கே அது நேர்ந்ததைக் கண்டோம். அவருக்கு மருத்துவர்கள் இருந்தனர். நம் பிள்ளைக்குப் படிப்பே காப்பு. வீங்கிய முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்து மறுநாளே ஆடவிடாமல் மருத்துவரிடம் காட்டுவது பெற்றோர் கடமை.

பெண்மக்களைப் பற்றியும் ஒரு சொல். 2025 நவம்பரில் டாக்காவில் நடந்த மகளிர் உலகக் கோப்பையில் சீன தைபே அணியை 35-28 என்று வென்று இந்திய மகளிர் கோப்பையைத் தக்கவைத்தனர். ஆண்களுக்குப் பன்னிரண்டு தொடர்கள் நடந்துவிட்டன. பெண்களுக்கோ 2016இல் மூன்று அணிகளைக் கொண்டு லீக்குடன் இணைத்து நடத்திய ஒரு போட்டியோடு அம்முயற்சி நின்றுவிட்டது. பெண்கள் பள்ளிகளில் தனித் திடலும், பெண் பயிற்சியாளரும் அமைந்தால், தயங்கும் பெற்றோரும் தம் மகள்களை அனுப்புவர்.

ஆட்டத்தைப் பார்ப்பதிலும் ஒரு முறை வேண்டும். கைபேசியில் 'அணி அமைத்துப் பணம் வெல்லுங்கள்' என்று அழைத்த வலையில் பணம் இழந்த இளைஞர் பலர். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. சட்டம் வந்துவிட்டது என்று பெற்றோர் கண்ணை மூடிக்கொள்ளலாகாது. பந்தயம் வேறு வாசலில் நுழையும். பணம் கட்டியவன் ஆட்டத்தை ரசிப்பதில்லை. தன் பணத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான். தோற்ற வீரரைக் கைபேசியில் ஏசுவோரில் பலரும் இத்தகையோரே.

மழைக்காலத் தொடரைப் பாடமாகக் கொள்ளும் வழியும் உண்டு. கோடிகளை எண்ணாமல் கால்களைப் பார்க்குமாறு பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ரைடர் எந்தக் காலை முன்வைத்து நுழைகிறார், மூலையில் நிற்பவர் எந்தக் கணத்தில் பாய்கிறார், முன்னிலையில் இருக்கும் அணி கடைசி மூன்று நிமிடங்களை எப்படிக் கடத்துகிறது என்று கவனிக்கட்டும். திடல் காய்ந்ததும் செய்து பார்க்கட்டும். எங்கள் தெருப் பிள்ளைகள் சிலர் இப்படித்தான் சங்கிலிப் பிடியைக் கற்றனர். கைகோத்த இருவர் ஒரே கணத்தில் நகர வேண்டும். ஒருவர் முந்தினாலும் பிடி நழுவிவிடும். அந்தப் பொருத்தம் அவர்களுக்கு வர இரண்டு கோடைகள் ஆயின.

அடுத்த தொடர் வரும். மீண்டும் ஏலம் நடக்கும். மீண்டும் ஏதேனும் ஒரு பெரிய பெயர் மஞ்சள் சட்டை அணியும். நாமும் ஆவணி மழையில் தொலைக்காட்சி முன் அமர்வோம். அப்போது அவருடைய விலை என்ன என்று கேட்பதை நிறுத்தி, சென்ற ஆண்டு ஆடியவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள் என்று கேட்போம். ரசிகர்கள் கேட்கத் தொடங்கினால் உரிமையாளர்களும் ஒரு நாள் பதில் சொல்லியாக வேண்டும்.